நெஞ்சைத் திறவாமலே உடைந்த குழாயை எடுக்கலாம்

புற்றுநோய் மருந்து செலுத்தப் பொருத்தப்படும் கீமோ போர்ட்டின் மென்குழாய், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே நசுங்கி அரிதாக உடைவதுண்டு. உடைந்த துண்டு இரத்த ஓட்டத்தோடு இதயத்தின் வலப்பக்க அறைக்கோ நுரையீரல் தமனிக்கோ சென்றுவிடும். அங்கேயே விட்டால் இரத்தக்கட்டு, கிருமித்தொற்று, இதயத்துடிப்புக் கோளாறு நேரலாம்.

பெரும்பாலோருக்கு நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. தொடை இடுக்கில் மரப்பு ஊசி போட்டு, அங்குள்ள சிரை வழியே கம்பிச் சுருக்கு ஒன்றைச் செலுத்துகிறோம். எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே துண்டின் நுனியைச் சுருக்கில் மாட்டி, இறுக்கி, வந்த வழியே வெளியே எடுக்கிறோம். அறுவையின்றி எடுக்கும் இவ்வழிக்கு 1964-இலேயே முன்னோடி உண்டு.

துண்டு உடைந்தும் சிலருக்கு எந்த அறிகுறியும் தோன்றாது. ஆகவே போர்ட்டில் மருந்து தடைபட்டாலோ, கையைத் தூக்கினால் மட்டும் ஓடினாலோ, வலியோ வீக்கமோ கண்டாலோ, அழுத்திச் செலுத்த விடாதீர்கள். உடனே எங்களிடம் கூறுங்கள். ஓர் எக்ஸ்ரே படமே பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும்.