ஆரவாரம் அடங்கிய யந்திரம்

நிறைகுடம் தளும்பாது என்பர். ஆகாய விமானத்திலும் இவ்வுண்மையைக் காண்கிறோம். இங்கிலாந்தில், டெர்பி நகரத்து ரோல்ஸ்-ராய்ஸ் தொழிற்சாலையில் உருவான ட்ரெண்ட் எக்ஸ்.டபிள்யூ.பி. யந்திரம், 2015-ஆம் ஆண்டு முதல் ஏ-350 விமானங்களைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டு செல்கிறது. அதன் முகப்பில் 3 மீட்டர் அகலமுள்ள விசிறி. அதில் 22 டைட்டானிய இதழ்கள். உட்புகும் காற்றில் ஒரு பங்கு அனலறைக்குச் செல்ல, ஒன்பது பங்குக்கு மேல் எரியாமலே புறத்தே சென்று விமானத்தை உந்துகிறது.

பழைய ஜெட் யந்திரங்கள் சிறிதளவு காற்றை அதிவேகமாகச் சீறவிட்டன. எண்ணெயை விழுங்கி, ஊரையும் உலுக்கின. மிகுந்த காற்றை நிதானமாகத் தள்ளினால் எண்ணெய் மிஞ்சும், ஓசையும் தணியும். ஆயினும் விசிறி பெருகப் பெருகப் பளுவும் பெருகுமன்றோ? ஓசையும் முற்றும் ஒழிந்ததென்று சொல்லோம். விமான நிலையத்தருகே உறங்கும் குழந்தை விழிக்காத நாளே இக்கலை நிறைவெய்தும் நாள் என்பது நம் எண்ணம்.