கையேட்டிலிருந்து வண்ணத்துக்கு

நிரல் எழுதுவோரின் திரையைப் பார்த்திருப்பவர்கள், அங்கே எழுத்துக்கள் ஒரே நிறமாக இராமல், சில சொற்கள் நீலமாகவும், மேற்கோள் குறிகளுக்குள் அடங்கியவை சிவப்பாகவும், விளக்கக் குறிப்புகள் மங்கிய நிறத்திலும் தோன்றுவதைக் கவனித்திருக்கக்கூடும். அலங்காரத்துக்காக ஏற்பட்ட வழக்கமன்று இது. 1960-இல் வெளியான ஆல்கால் மொழியின் அறிக்கையிலேயே, 'பிகின்', 'எண்ட்' முதலிய ஆதாரச் சொற்களைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, நிரலாசிரியர் தாமே சூட்டிக்கொண்ட பெயர்களினின்று அவற்றைப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். அச்சகத்தில் நடந்த இந்தக் காரியம் திரைக்கு வர ஏறக்குறையக் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பெரும்பணிக்காக, ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக் கௌலிஷா 1980-களின் நடுவில் இயற்றிய லெக்ஸ் என்ற எடிட்டர், தட்டச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே பகுதிகளை இனம் பிரித்து நிறமூட்டிக் காட்டியது; ஓர் அகராதிப் பணியும் அந்தச் சௌகரியத்தை அனுபவித்தது என்பது எனக்கு ரசமான விஷயமாகவே படுகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்ட விம் என்னும் எடிட்டருக்கு இந்த ஆற்றல் 1998-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் வாய்த்தது.

எடிட்டருக்கு மொழி தெரியாது. 'இந்தச் சொல் வந்தால் இந்த நிறம்' என்று எழுதிவைத்த பட்டியல் ஒன்றே அதற்குத் தெரியும். தொழிலில் கீவேர்டு என்று வழங்கும் அந்தத் திறவுச்சொற்களை யாராவது திரட்டிக் கொடுக்கவேண்டும். சி மொழியைப்போல 1989-இன் தரநிர்ணயத்தில் முப்பத்திரண்டே சொற்களைக் கொண்டிருந்த மொழியானால் கையாலேயே எழுதிவிடலாம். அரைமணி நேர வேலை. ஆனால் ஆண்டுதோறும் புதிய பதிப்பு கண்டு, ஒவ்வொரு பதிப்பிலும் சில சொற்கள் கூடியும் சில மறைந்தும் வரும் ஒரு மென்பொருளின் அமைப்புக் கோப்புக்கு நிறமூட்ட முற்படுகிறவன், கையால் எழுதிய பட்டியலைக் கட்டிக்கொண்டு அழுதால், அடுத்த பதிப்பிலேயே அது பழங்கணக்காகிவிடும். ஆகவேதான், அந்த மென்பொருளின் கையேட்டையே மூலமாகக் கொண்டு, அதிலிருந்து திறவுச்சொற்களை ஒரு சிறு நிரலால் வடித்தெடுக்கும் வித்தை ஏற்பட்டது.

உதாரணமாக, தொலைவிலுள்ள கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக நுழைவதற்கு உலகெங்கும் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் 1999-இல் தொடங்கியது அது. அதன் சர்வருக்கு 'எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்' என்று ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. 'போர்ட்', 'பெர்மிட்ரூட்லாகின்' என்று தொடங்கும் ஏறக்குறைய நூறு திறவுச்சொற்கள் அதில் இடம்பெறலாம். ஒவ்வொன்றுக்கும் மேன் பக்கம் எனப்படும் கையேட்டில் விளக்கம் இருக்கிறது.

நம் கண்ணுக்குத் தெரியும் கையேடு வேறு. அதன் மூலக்கோப்பு வேறு. யூனிக்ஸ் உலகின் பழைய சம்பிரதாயப்படி எழுதிய மூலக்கோப்புகளில், 'இதைத் தடித்த எழுத்தில் காட்டு', 'இதைச் சாய்த்துக் காட்டு' என்ற குறிகளே இருக்கும். ஒரு சொல் திறவுச்சொல்லாக இருப்பதால் தடித்திருக்கிறதா, வெறும் அழுத்தத்துக்காகத் தடித்திருக்கிறதா என்பதை அக்குறி சொல்லாது. பிஎஸ்டி வழியில் வந்த எம்டாக் என்ற குறிமுறையோ தோற்றத்தை விட்டுவிட்டுப் பொருளைக் குறிக்கிறது: இது கட்டளையின் பெயர், இது கோப்பின் பெயர், இது பயனர் தரவேண்டிய மதிப்பு, இது பட்டியலின் ஓர் உருப்படி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி வைத்திருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எச் கையேடு இந்த முறையில் எழுதப்பட்டிருப்பது, நிறமூட்ட வந்தவனுக்குக் கிடைத்த பெரும் பாக்கியம் என்பேன். ஒவ்வொரு திறவுச்சொல்லின் விளக்கமும், புள்ளியில் தொடங்கி, 'பட்டியல் உருப்படி' என்ற குறியும் அதையடுத்துக் 'கட்டளைச்சொல்' என்ற குறியும் கொண்ட ஒரு வரியோடு ஆரம்பமாகிறது. அத்தகைய வரிகளை மட்டும் பொறுக்கி, மூன்றாவது சொல்லை எடுத்து, அகரவரிசைப்படுத்தினால் பட்டியல் தயார். பெல் ஆய்வுக்கூடத்தில் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் 1977-இல் படைத்த ஆக் என்ற சிறு மொழியில் இதற்கு ஒரே வரி போதும்.

போதும் என்று சொன்னாலும், சல்லடையில் தங்கியது முழுவதும் அரிசியாகிவிடுவதில்லை. 'கட்டளைச்சொல்' என்ற குறியை மட்டும் தேடினால், 'யெஸ்', 'நோ' போன்ற மதிப்புகளும் அதே குறியைத் தாங்கி நிற்பதால் அவையும் சேர்ந்து விழும். இரண்டு குறிகளும் ஒருங்கே இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தாலோ, பட்டியலுக்குள் பட்டியல் வரும் இடங்களில் தொல்லை. 'சேனல்டைம்அவுட்' என்ற திறவுச்சொல்லின் விளக்கத்துக்குள்ளே, சேனல்களின் வகைகளை அடுக்கும் உட்பட்டியல் ஒன்று இருக்கிறது. 'செஷன்' முதலான அதன் உருப்படிகளும் அதே உருவத்தில் தொடங்குவதால், தாமும் திறவுச்சொற்களே என்று வேஷம் போட்டுக்கொண்டு வந்துவிடுகின்றன. பட்டியல் தொடங்கும் குறியைக் கண்டால் ஒன்று கூட்டியும், முடியும் குறியைக் கண்டால் ஒன்று கழித்தும் ஆழத்தைக் கணக்கிட்டு, முதல் ஆழத்திலுள்ள உருப்படிகளை மட்டும் ஏற்றுக்கொள்வதே இதற்குச் சரியான பரிகாரம். பெரிய எழுத்தில் தொடங்குபவற்றை மட்டும் எடுப்போம் என்று குறுக்குவழி தேடுவோரும் உண்டு. இன்றைக்கு அது பலிக்கலாம், நாளைக்குப் பலிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

வேண்டாதவை வருவதைவிட, வேண்டியவை வராமற்போவது சூட்சுமமான குறை. 2021-இல் 'சேலஞ்ச்ரெஸ்பான்ஸ்ஆதென்டிகேஷன்' என்ற நீண்ட பெயரை ஒதுக்கிவிட்டு 'கேபிடிஇன்டராக்டிவ்ஆதென்டிகேஷன்' என்று மாற்றினார்கள். பழைய பெயரை சர்வர் இன்னும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கையேட்டில் அதற்குத் தனி உருப்படி கிடையாது, புதிய பெயரின் விளக்கத்துக்குள் ஒரு வாக்கியமாக அது ஒதுங்கியிருக்கிறது. 'யூஸ்ப்ரிவிலெஜ்செப்பரேஷன்' போல, கையேட்டிலிருந்தே மறைந்துபோய், சர்வரின் மூலநிரலிலுள்ள அட்டவணையில் 'காலாவதியானது' என்ற முத்திரையோடு மட்டும் ஜீவிக்கும் சொற்களும் உண்டு. கையேடு இன்று எழுதத் தக்கதைச் சொல்கிறது. மூலநிரல் சர்வர் இன்றும் அடையாளம் காண்பதைச் சொல்கிறது. என் அபிப்பிராயத்தில், கையேட்டுச் சொற்களுக்கு ஒரு நிறமும், மூலநிரலில் மாத்திரம் எஞ்சியவற்றுக்கு எச்சரிக்கை நிறமும் தருவதே முறை. பழைய கோப்பைத் திறந்தவுடன், எந்த வரி மூப்படைந்தது என்பது கண்ணில் பட்டுவிடும்.

வடித்தெடுத்த சொற்களை எடிட்டரிடம் ஒப்படைப்பதிலும் கவனம் தேவை. விம் எடிட்டர் திறவுச்சொல், உருப்பொருத்தம், பகுதி என மூவகை விதிகளை அறியும். இவற்றில் திறவுச்சொல்லுக்கே முன்னுரிமை, வேகமும் அதிகம். ஆனால் எந்த எழுத்துக்கள் ஒரு சொல்லின் அங்கம் என்பதை எடிட்டருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். சாதாரண ஏற்பாட்டில் இடைக்கோடு சொல்லின் அங்கமாகக் கருதப்படுவதில்லை. ஆகையால் 'ப்ரொஹிபிட்-பாஸ்வேர்டு' என்ற மதிப்பைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, அது நிறம் பெறவில்லையே என்று திகைப்பவர்கள், இடைக்கோட்டையும் சொல்லெழுத்தாகச் சேர்த்தால் காரியம் நடக்கும். இந்த அமைப்புக் கோப்பின் திறவுச்சொற்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது, மதிப்புகளில் உண்டு. ஆதலால் முன்னவற்றுக்குப் பேதம் பாராத விதியும் பின்னவற்றுக்குப் பேதம் பார்க்கும் விதியும் தனித்தனியே எழுதவேண்டும்.

இவ்வளவும் செய்து கோப்பு அழகாக ஒளிர்ந்தாலும், நிறம் சொல்வது ஒன்றுதான்: அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறது. ஒரே திறவுச்சொல்லை இரண்டு வரிகளில் எழுதினால் இரண்டும் ஒரே நிறத்தில் ஒளிரும். சர்வரோ பெரும்பாலானவற்றுக்கு முதலில் கண்ட மதிப்பையே எடுத்துக்கொண்டு மற்றதைப் புறக்கணிக்கும். ஆகவே, கோப்பைத் திருத்தியபின் சர்வரை மறுபடி தொடங்குவதற்கு முன், அதன் கட்டளையைச் சிறிய 'டி' (t) என்ற தெரிவோடு இயக்கிப் பிழை உண்டா என்று பாருங்கள். பெரிய 'டி' (T) தெரிவோடு இயக்கினால், நடைமுறைக்கு வரப்போகும் அமைப்பை வரிவரியாக அதுவே அச்சிட்டுக் காட்டும்.