திரை காட்டும் கலோரி

"வீட்டிலேயே உடற்பயிற்சிப் பொறி வாங்கி வைத்துக்கொள்வது நல்லதா, ஜிம்முக்குப் போவது நல்லதா?" மாணவர்களும் நண்பர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடை காணும் முன் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையாருக்கு நீரிழிவு நோய் உண்டு. தினமும் உடற்பயிற்சி வேண்டும் என்றார் மருத்துவர். இளைஞர்கள் நடுவே போய் நிற்க அவருக்குக் கூச்சம். ஆகவே, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் ஒன்றை வாங்கினோம். காலையில் அரை மணி நேரம் மிதிப்பார். முடிவில் அதன் சிறு திரை 250 கலோரி என்று காட்டும். "அதான் மெஷினே சொல்லுதே, இன்னும் ரெண்டு இட்லி வை" என்பார். மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தபோது எடையும் குறையவில்லை, சர்க்கரையும் குறையவில்லை. அதன் பிறகுதான், இயற்பியல் கற்பிக்கும் நான் அந்தப் பொறியை உற்றுப் பார்த்தேன்.

திரைக்கு எப்படித் தெரியும்?

மிதித்தால் கனமான உலோகச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. திருகைத் திருப்பினால் காந்தங்கள் அச்சக்கரத்தை நெருங்குகின்றன. காந்தப் புலத்தில் உலோகம் சுழலும்போது அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை தம்மைத் தோற்றுவித்த இயக்கத்தையே எதிர்க்கும் என்பது லென்ஸ் விதி. எனவே சக்கரம் எதையும் உரசாமலே மிதிப்பது கடினமாகிறது. நம் உழைப்பு சக்கரத்தில் வெப்பமாக மாறுகிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரத்தைச் சூடாக்குபவையும் இதே மின்னோட்டங்களே.

திரைக்கு வரும் செய்தி வேறு. சுழலும் பகுதியில் ஒரு சிறு காந்தமும், அருகில் ஒரு சுவிட்சும் இருக்கின்றன. காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் சுவிட்ச் ஒரு சுற்று என எண்ணுகிறது. எங்கள் பொறியில் திருகிலிருந்து திரைக்குக் கம்பியே இல்லை! மலிவான பொறிகள் பலவும் இப்படித்தான். திருகை முற்றும் தளர்த்தி அதே வேகத்தில் மிதித்துப் பார்த்தேன். கலோரி சற்றும் மாறவில்லை. தந்தையாரோ இத்தனை நாளும் மிகத் தளர்வான நிலையில்தான் மிதித்திருக்கிறார்.

வேலையைக் கணக்கிட விசை, தொலைவு ஆகிய இரண்டும் தேவை. டென்மார்க் நாட்டு அறிஞர் ஆகஸ்ட் கிரோ, உடலுழைப்பை ஆராய 1913இல் மின்காந்தத் தடை கொண்ட சைக்கிள் பொறியை விவரித்தார். அதில் தடையின் அளவும் கணக்கில் வந்தது. எங்கள் திரை தொலைவை மட்டும் வைத்துக்கொண்டு விசையை ஊகிக்கிறது.

ஓர் எளிய கணக்கு

தளர்வான நிலையில் திறன் 30 வாட் என்று கொள்வோம். அரை மணிக்கு 1800 வினாடி. 30 × 1800 = 54,000 ஜூல், அதாவது 54 கிலோஜூல் வேலை. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே வேலையாகிறது, மீதி வெப்பமாகிறது. ஆகவே செலவு 216 கிலோஜூல். ஒரு கிலோகலோரி 4.18 கிலோஜூல் என்பதால், இது சுமார் 52 கிலோகலோரி. கால்களை வெறுமனே ஆட்டவும், உயிர் வாழவும் ஆகும் செலவைச் சேர்த்தாலும் 100ஐ ஒட்டித்தான் வரும். (திரையும் உணவுப் பட்டியலும் "கலோரி" என்பது கிலோகலோரியையே.) ஓர் இட்லி ஏறத்தாழ 50 கிலோகலோரி. அந்தக் கூடுதல் இரண்டு இட்லியே கணக்கைச் சரிக்கட்டிவிட்டது!

ஜிம்மில் என்ன இருக்கிறது?

அங்குள்ள இரும்பின் மேல் அதன் நிறை எழுதியிருக்கும். 20 கிலோகிராமை அரை மீட்டர் தூக்கினால் 20 × 9.8 × 0.5 = 98 ஜூல். முப்பது முறை தூக்கினாலும் 3 கிலோஜூலை எட்டாது. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் தசையை வலுப்படுத்துவது அது தாங்கும் விசை. உணவுக்குப் பின் இரத்தத்திலுள்ள குளுக்கோசைப் பெருமளவு எடுத்துக்கொள்பவை தசைகளே. ஆகவே நீரிழிவு உள்ளவருக்கு இது முக்கியம். பளுவைச் சிறிது சிறிதாகக் கூட்டவும், முதுகை வளைத்துத் தூக்கினால் திருத்தவும் ஜிம்மில் ஆள் உண்டு. ஆனால் கட்டணமும் தொலைவும் பலரை ஒரே மாதத்தில் நிறுத்திவிடுகின்றன. வீட்டுப் பொறிக்கு அந்தத் தடை இல்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. சைக்கிள் முதல் பங்கைத் தரும். இரண்டாவதற்குப் பளு வேண்டும்.

உழைப்பு மிதமானதா என்றறியத் திரை வேண்டாம். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. தந்தையார் முதல் நாள் தாராளமாகப் பாடினார்! மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, திருகை வாரத்துக்கு ஒரு படியாகக் கூட்டினோம். வாரம் இரு நாள், நீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டில்களைத் தூக்குகிறார். ஒவ்வொன்றும் 2 கிலோகிராம் என்பதில் ஐயமில்லை. கூடுதல் இட்லி நின்றுவிட்டது. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை சற்று இறங்கியிருந்தது.

உங்கள் வீட்டிலும் இத்தகைய பொறி இருந்தால் திருகைத் தளர்த்தி ஐந்து நிமிடம், இறுக்கி ஐந்து நிமிடம் ஒரே வேகத்தில் மிதித்துப் பாருங்கள். இரு முறையும் திரை ஒரே எண்ணைக் காட்டினால், அந்த எண்ணை நம்பி உணவைக் கூட்டாதீர்கள்.