ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: தமிழ்நாட்டில் உருவான பிரிட்டிஷ் குடும்பக் கார்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் 1961இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த சிறிய குடும்பக் கார். சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் இதைத் தயாரித்தது. இதன் மூல வடிவம் பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்ட். அம்பாசிடர் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவிலும், பியட் பம்பாயிலும் உருவாகிவந்த காலத்தில் தமிழ்நாட்டுக்குச் சொந்தமாக இருந்தது இந்தக் கார்தான். ஆலை வாசலில் இருந்த ஜி.எஸ்.டி. சாலையில் புறப்பட்டு, விக்கிரவாண்டியில் திரும்பி, கொள்ளிடத்தின் கீழணைப் பாலத்தைக் கடந்தால் கும்பகோணம், தஞ்சாவூர் என்று ஒரே நாளில் காவிரி டெல்டாவுக்கு வந்துவிடலாம். மிராசுதார்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், அரிசி ஆலை உரிமையாளர்கள் ஆகியோரே அப்போது கார் வாங்கக்கூடியவர்கள்.

ஹெரால்டில் கெட்டிக்காரத்தனமும் இருந்தது. பெரிய குறை ஒன்றும் இருந்தது. அந்தக் குறையைப் பிரிட்டிஷ் ஹெரால்ட் கடைசிவரை சுமந்தது. சென்னை ஆலை தன் காரில் அதைத் திருத்தியது. இந்த வரலாற்றில் பலரும் கவனிக்காமல் விடும் செய்தி அது.

கோவென்ட்ரியில் ஒரு நெருக்கடி

ஸ்டாண்டர்ட் நிறுவனத்தை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1903இல் ரெஜினால்ட் மாட்ஸ்லே தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின் முடிவில் அது டிரையம்ப் நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. ஸ்டாண்டர்ட் கார்களின் உடற்கூட்டை (பாடி) செய்து கொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற வெளி நிறுவனம். 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. புதிய காருக்கு முழு உடற்கூடு செய்து தர ஆளில்லை.

அன்றைய உலகம் மோனோகாக் முறைக்கு, அதாவது தனிச் சட்டம் இல்லாமல் உடற்கூடே பாரம் தாங்கும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அம்பாசிடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டும் அந்த வகையே. அதற்குப் பெரிய அச்சு இயந்திரங்கள் வேண்டும். ஸ்டாண்டர்டிடம் அவை இல்லாததால், தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டரின் குழு பழைய முறைக்கே திரும்பியது. அடியில் வலுவான இரும்புச் சட்டம் (சேசி) ஒன்றை வைத்து, அதன் மேல் உடற்கூட்டைப் பல துண்டுகளாகப் போல்ட் போட்டுப் பொருத்தும் முறை அது. துண்டுகளைச் சிறு சிறு ஆலைகளில் செய்து வாங்கலாம். இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலாட்டி அந்தத் துண்டுகளுக்குக் கூர்மையான, மெல்லிய தூண்களும் அகன்ற கண்ணாடிகளும் கொண்ட அழகிய உருவம் கொடுத்தார். 1959 ஏப்ரலில் கார் வெளிவந்தது.

வில் வண்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம்

தஞ்சை மாவட்டத்தின் வில் வண்டியைப் பார்த்தவர்களுக்கு ஹெரால்டின் அமைப்பு எளிதில் விளங்கும். வில் வண்டியில் கூண்டு வேறு, அதைத் தாங்கும் சட்டம் வேறு. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில், அதாவது கமான், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கூண்டு பழுதானால் அதை மட்டும் கழற்றிப் புதுப்பிக்கலாம். ஹெரால்டும் அப்படித்தான். மட்கார்டு நசுங்கினால் வெட்டி வெல்டிங் செய்ய வேண்டியதில்லை. போல்ட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம்.

இந்தக் காரின் மிகவும் பெயர்பெற்ற பகுதி அதன் பானெட். மூடி, இரு பக்க மட்கார்டுகள், விளக்குகள் எல்லாம் சேர்ந்த ஒரே பாகம், முன்பக்கக் கீல்களில் கவிழ்ந்து எழும்பும். திறந்ததும் எஞ்சின், முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் அனைத்தும் வெட்ட வெளியில் தெரியும். மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். குனிந்து, தலையை உள்ளே நுழைத்து, கையால் தடவி நட்டைத் தேடும் தொல்லை இல்லை. சிறிய ஊர்ப் பட்டறைக்கு இதைவிடப் பெரிய உதவி ஒரு பொறியாளர் செய்திருக்க முடியாது.

பல துண்டுகளாகப் பூட்டிய உடற்கூட்டுக்கு ஒரு விலையும் உண்டு. இணைப்புகள் தளர்ந்தால் கடகடவென்று சத்தம் போடும், மழைநீர் கசியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனையும் டெல்டாவில் இது சின்னத் தொந்தரவு அல்ல. தரை விரிப்பின் கீழ் தேங்கும் நீர் இரும்பைத் தின்றுவிடும்.

எஞ்சினும் ஸ்டீயரிங்கும்

எஞ்சின் 948 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். சிலிண்டர் விட்டம் 63 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 76 மி.மீ. இது 1953இல் வந்த ஸ்டாண்டர்ட் எய்ட் காரின் 803 சி.சி. எஞ்சினின் வழித்தோன்றல். ஒற்றைக் கார்புரேட்டருடன் சுமார் 35 குதிரைத்திறன் தந்தது. பிரிட்டனில் 1961இல் 1147 சி.சி., 1967இல் 1296 சி.சி. என எஞ்சின் வளர்ந்தது. இந்தியாவில் கடைசிவரை 948தான். சுமார் 800 கிலோ எடையுள்ள காருக்கு மலைப்பாதையில் அது போதாது. மேடு என்று சொன்னால் ஆற்றுப் பாலங்களின் ஏற்றம் மட்டுமே உள்ள டெல்டாவில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது.

கியர் தண்டு தரையிலிருந்து எழும்பியது. அம்பாசிடரிலும் பியட்டிலும் அன்று அது ஸ்டீயரிங் அருகே இருந்தது. ஸ்டீயரிங் ரேக் அண்ட் பினியன் வகை. முன் சக்கரங்கள் அசாதாரணமான கோணத்துக்குத் திரும்பக்கூடியவை என்பதால், கார் 25 அடி (7.6 மீட்டர்) விட்டமுள்ள வட்டத்தில் திரும்பிவிடும். அம்பாசிடருக்கு ஏறத்தாழ 10.8 மீட்டர் தேவை. தஞ்சாவூரின் நான்கு ராஜ வீதிகள் தேர் ஓட அகலமாக விடப்பட்டவை. அவற்றில் எந்தக் காரும் திரும்பும். அவற்றிலிருந்து பிரியும் சந்துகளில்தான் அந்த மூன்று மீட்டர் வித்தியாசத்தின் மதிப்பு புரியும்.

முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன் பற்றியும் சொல்ல வேண்டும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டி, அதைப் பித்தளை போன்ற உலோகத்தாலான மரைக்கூட்டில் திருகியிருப்பார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்தத் தண்டு மரைக்குள் சுழலும். இதற்குக் கெட்டியான கியர் எண்ணெய் செலுத்த வேண்டும் என்பது தயாரிப்பாளரின் குறிப்பு. மற்ற வண்டிகளுக்குச் செய்வதுபோல் கிரீஸை அடித்துவிட்டால் அது மரையின் அடிவரை சரியாக இறங்குவதில்லை. ஈரமும் சேறும் புகுந்து துரு பிடிக்கும். ஒரு நாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். வயலோரச் சேற்றில் ஓடும் காருக்கு இது உயிர் காக்கும் விவரம். முறையாக எண்ணெய் பெற்ற டிரன்னியன் நெடுங்காலம் உழைத்தது. அந்தச் செங்குத்துத் தண்டை லோட்டஸ் போன்ற பந்தயப் புகழ் பெற்ற நிறுவனங்களே தங்கள் கார்களில் பயன்படுத்தின.

பின் அச்சின் குறை

பெரும்பாலான கார்களில் அப்போது பின்பக்கம் ஒரே நீள அச்சு இருந்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அச்சு முழுதும் சாயும். ஹெரால்டில் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் சட்டத்தோடு இறுகப் பொருத்தப்பட்டிருந்தது. அதன் இரு பக்கமும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட். அதிலிருந்து தனித்தனி அரை அச்சுகள் ஊஞ்சல்போல் மேலும் கீழும் ஆடும். இரண்டையும் தாங்குவது, குறுக்கே வைத்த ஒற்றைக் கமான். இதற்கு ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். குண்டுங்குழியுமான சாலையில் ஒரு சக்கரத்தின் அதிர்ச்சி மற்றதைத் தொடாது. பயணம் சுகமாக இருக்கும்.

சிக்கல் சக்கரத்தின் சாய்வில் இருக்கிறது. அரை அச்சு ஒரு முனையில் மட்டுமே மடங்குவதால், அது ஏறி இறங்கும்போது சக்கரமும் சாய்கிறது. இந்தியக் குடும்பம் காரில் ஏறும் விதத்தைக் கோவென்ட்ரி எதிர்பார்த்திருக்காது. நால்வருக்கான காரில் ஏழு பேரும், பின் டிக்கியில் ஒரு மூட்டையும் ஏறினால் உடற்கூடு தாழ்கிறது. பின் சக்கரங்களின் மேல்விளிம்பு உள்நோக்கிச் சாய்ந்து, அடிப்பகுதி விரிந்து நிற்கும். சாலையில் போகும் ஹெரால்டைப் பின்னாலிருந்தே அடையாளம் காட்டியது இந்தக் கோணல் நிலைதான். டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும்.

லேசான சுமையில் ஆபத்து வேறு விதமானது. வாய்க்கால் கரையின் வளைவில் வேகமாகத் திரும்பும் ஓட்டுநர், எதிரே மாட்டுவண்டியைக் கண்டு சட்டென ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காரின் பின்பக்கம் எழும்பும். வெளிச் சக்கரம் உட்புறமாக மடங்கிப் பிடிமானத்தை இழக்கும். கார் பின்பக்கமாக வீசப்படும். இது ஹெரால்டின் தனிக் குறையும் அன்று. அமெரிக்காவில் ஷெவ்ரோலே கோர்வேர் காரின் இதே வகை அச்சைப் பற்றி ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய நூல், வாகனப் பாதுகாப்புச் சட்டங்களுக்கே வழி திறந்தது. டிரையம்ப் பின்னர் விட்டெஸ், ஸ்பிட்ஃபயர் கார்களில் இதைச் சீர்செய்தது. ஹெரால்டு மட்டும் 1971இல் உற்பத்தி நின்றதுவரை பழைய அச்சிலேயே ஓடியது.

சென்னை செய்த மாற்றங்கள்

சென்னை நிறுவனம் 1948இல் தொடங்கப்பட்டது. முதலில் ஸ்டாண்டர்ட் வான்கார்டு, பிறகு எய்ட், டென் ஆகிய கார்கள் அங்கே உருவாயின. 1953இல் டாரிஃப் கமிஷன் அளித்த பரிந்துரையை ஏற்று, படிப்படியாக உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே அரசு இடம் கொடுத்தது. வெறுமனே பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. இதே காலத்தில் சென்னையைச் சுற்றி உதிரிபாக ஆலைகள் எழுந்தன. இந்தியா பிஸ்டன்ஸ் முன்பே இருந்தது. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகியவை 1960ஐ ஒட்டி வந்தன. துண்டு துண்டாகச் செய்யப்படும் ஹெரால்ட் இந்தச் சூழலுக்குப் பொருந்தியது. கோவென்ட்ரியில் ஒரு நெருக்கடிக்குத் தீர்வாகப் பிறந்த வடிவம், பெரிய அச்சு இயந்திரங்கள் இல்லாத ஒரு புதிய தொழில் நாட்டுக்கு வரமாக அமைந்தது.

பிரிட்டிஷ் ஹெரால்ட் இரண்டு கதவுகள் கொண்டது. முன் இருக்கையை மடக்கி, குனிந்து, பின்னால் நுழைய வேண்டும். புடவை கட்டிய பெண்களுக்கும் முதியவர்களுக்கும் இது எவ்வளவு சிரமம் என்று சொல்லத் தேவையில்லை. பியட்டில் நான்கு கதவுகள் இருந்தன. 1960களின் இறுதியில் சென்னை ஆலை, பிரிட்டனில் என்றுமே இல்லாத நான்கு கதவு ஹெரால்டைத் தானே வடிவமைத்து வெளியிட்டது. 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கஸெல் இன்னும் ஒரு படி மேலே போனது. முன்முகப்பு மாறியது, ஸ்விங் ஆக்ஸில் நீக்கப்பட்டு, சக்கரங்களை எப்போதும் நிமிர்த்தி வைக்கும் ஒரே நீள அச்சு வந்தது. பயணச் சுகம் சற்றுக் குறைந்தாலும் சுமை ஏற்றும் நாட்டுக்கு இதுவே சரியான விடை. புத்தகக் கணக்கில் பின்னோக்கிப் போனதாகத் தோன்றும் இந்த மாற்றத்தைத் துணிச்சலான பொறியியல் முடிவாகவே கருத வேண்டும்.

ஆனால் எஞ்சின் மாறவில்லை. உரிமம், விலைக் கட்டுப்பாடு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஆகியவை மூன்று கார் நிறுவனங்களையும் கட்டிப்போட்டிருந்தன. மூன்றில் சிறியது ஸ்டாண்டர்ட். ஆகவே அடியும் அதற்கே பலமாக விழுந்தது. கஸெல் 1970களின் பிற்பகுதியில் நின்றது.

பெயரின் முடிவு

1983 இறுதியில் மாருதி 800 வந்து, சிக்கனமான சிறிய கார் எது என்பதற்கு இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தபோது, ஸ்டாண்டர்ட் எதிர்த்திசையில் போனது. ரோவர் எஸ்.டி.1 என்ற பெரிய காரின் உடற்கூட்டில், பழைய வான்கார்டு மரபின் 1991 சி.சி. எஞ்சினைப் பொருத்தி 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என விற்றது. விலையும் பெட்ரோல் செலவும் வாங்க வந்தவர்களை விரட்டின. 1988இல் உற்பத்தி முடிந்தது. பிரிட்டனில் 1963லேயே கைவிடப்பட்ட ஸ்டாண்டர்ட் என்ற கார்ப் பெயர், சென்னையில் மேலும் 25 ஆண்டுகள் வாழ்ந்திருந்தது.

இன்று பழைய ஹெரால்டைச் சீரமைப்பவர்களுக்கு எஞ்சின், முன் சஸ்பென்ஷன் பாகங்கள் பிரிட்டனிலிருந்தே கிடைக்கின்றன. ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் ஆகியவற்றோடு பல பாகங்கள் பொதுவானவை என்பதால் அவற்றை அங்கே இன்னும் செய்கிறார்கள். நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவும் கஸெலின் முகப்பும் அப்படியல்ல. அவை இங்கே மட்டுமே செய்யப்பட்டவை என்பதால், நொறுங்கிப் போன இன்னொரு காரிலிருந்துதான் கழற்ற வேண்டும்.