நெல் விலை: ஒரே பெயர், இரண்டு கணக்கு

சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை 2004-05ல் குவிண்டாலுக்கு 560 ரூபாய். 2025-26ல் 2,369. நாலு மடங்குக்கு மேல். அப்போ விவசாயிக்கு ஆதரவு கூடிக்கிட்டே போகுதுன்னுதானே தோணும்?

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 'சந்தை விலை ஆதரவு' என்றால் உள்ளூர் விலைக்கும் உலக விலைக்கும் உள்ள வித்தியாசம். உலக வர்த்தக அமைப்பு நம் ஆதார விலையை 1986-88ன் உலக விலையோடு கழித்துப் பார்க்கிறது. அந்த எண் மாறாது. அதனால் ஆதரவு வருஷா வருஷம் வீங்கும். 2018-19ல் அரிசிக்கு 10% வரம்பைத் தாண்டிவிட்டதாக இந்தியாவே அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஓஇசிடி அமைப்போ சந்தையில் விவசாயிக்குக் கிடைக்கும் விலையை அந்தந்த வருஷத்து உலக விலையோடு ஒப்பிடுகிறது. 2018ல் வந்த அதன் இந்திய அறிக்கைப்படி, 2000-01 முதல் 2016-17 வரை எல்லாப் பயிர்களுக்கும், உர மானியம் எல்லாம் சேர்த்தும், சராசரி ஆதரவு விவசாய வருமானத்தில் மைனஸ் 14%!

மைனஸ் எப்படி வருது? முக்கியக் காரணம் ஏற்றுமதிக் கட்டுப்பாடு. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20% வரி. அதே வருஷம் ஆதார விலையும் ஏறியது. ஒரு கை கொடுத்தது, மறு கை வாங்கிக்கொண்டது.

தாம்பரத்தில் மூட்டை அரிசி கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதென்றால், அந்த மானியத்தில் ஒரு பங்கைக் கொடுப்பவர் மதுராந்தகத்து விவசாயி. பட்ஜெட்டில் அதற்கு வரி எதுவும் எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான்.