தொண்ணூறு வயதில் புதுப்பாட்டு

'சக்'
சக் பெரியின் கடைசி ஸ்டுடியோ ஆல்பம், 2017
10 பாடல்கள்

ராக் அண்ட் ரோல் கிதாருக்கு இலக்கணம் வகுத்தவர் சக் பெரி (1926–2017). 1979இல் வந்த 'ராக் இட்' ஆல்பத்துக்குப் பிறகு 38 ஆண்டுகள் அவரிடமிருந்து புதிய ஸ்டுடியோ ஆல்பம் எதுவும் வரவில்லை. மேடையை மட்டும் அவர் விடவில்லை. சொந்த ஊரான செயின்ட் லூயிஸில், 'புளூபெரி ஹில்' உணவகத்தின் சிறிய அரங்கில் 1996 முதல் 2014 வரை 200க்கும் மேற்பட்ட முறை வாசித்தார். அங்கே உடன் வாசித்தவர்களே இந்தத் தட்டிலும் அவருக்குத் துணை. மகன் சார்லஸ் கிதாரும் மகள் இங்கிரிட் ஹார்மோனிகாவும் வாசித்தார்கள்.

'லேடி பி. கூட்' பாடலைக் கவனியுங்கள். 1958இல் வந்த 'ஜானி பி. கூட்' பாடலின் கிதார் பையனை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் தொடர்ச்சியான இந்தப் பாட்டு, அவனை நேசித்த பெண்ணைப் பற்றியது.

2016 அக்டோபர் 18, தம் 90ஆம் பிறந்தநாளில் பெரி இந்த ஆல்பத்தை அறிவித்தார். 68 ஆண்டுகள் உடன்வாழ்ந்த மனைவி தெமெட்டாவுக்கு அதைக் காணிக்கையாக்கினார். 2017 மார்ச் 18இல் பெரி மறைந்தார். தட்டு வெளிவந்தது ஜூன் 9இல்.