மன்னிக்கவும் அம்மா, ஒரு கேள்வி

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவிலோ சுராபாயாவிலோ ஒரு மேல்நிலைப் பள்ளி மாணவிக்கு வகுப்பில் சந்தேகம் வந்தால், எழுந்ததும் நேராக அதைக் கேட்டுவிட மாட்டாள். "மோஹோன் மாஆஃப், பூ. இஸின் பெர்தாஞா" என்று தொடங்குவாள். மன்னிக்க வேண்டும் அம்மா, கேட்க அனுமதி கொடுங்கள் என்று பொருள். கேள்வி அதற்குப் பிறகுதான். இந்தோனேசிய மொழிப் பாடவேளையில் இந்த ஒரு வரியைச் சொல்லி எழும் பிள்ளைகளைவிட, சந்தேகத்தை மென்று விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே அதிகம்.

ஏன் என்று புரிய, மொழியியலில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒரு கோட்பாடு உதவுகிறது. பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்டு, 1987இல் நூலாக விரித்த பணிவுக் கோட்பாடு அது. அதற்குச் சான்றாக அவர்கள் எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்டால், நம் தமிழ். தமிழ்த் தரவுகளை லெவின்சன் கோவை மாவட்டத்துக் கிராமத்தில் திரட்டினார். இன்று இந்தோனேசியப் பல்கலைக்கழகங்களில் பணிவைப் பற்றி எழுதும் ஆய்வு மாணவர்கள் புரட்டும் நூலுக்குள் கொங்குப் பேச்சும் இருக்கிறது என்பது நமக்கு மகிழ்ச்சியான செய்தி.

அவர்களின் மையக் கருத்து 'முகம்'. முகத்தில் அடித்தாற்போல் பேசிவிட்டான் என்று நாம் சொல்கிறோமே, அந்த முகம்தான். பேசும் ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருவருடைய முகத்தைத் தொடக்கூடும். எவ்வளவு என்பதை மூன்று அளவுகளைக் கூட்டிக் கணக்கிடலாம் என்றார்கள்: பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள இடைவெளி, கேட்பவரின் அதிகாரம், கேட்கும் காரியத்தின் கனம். கூட்டுத்தொகை ஏற ஏற, பேச்சு சுற்றி வளைத்துப் போகும். எல்லை மீறினால் கடைசி வழி ஒன்று இருக்கிறது. பேசாமலே இருந்துவிடுவது.

வகுப்பறைச் சந்தேகத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். "புரியவில்லை" என்றால் ஆசிரியை சொன்னவிதம் சரியில்லை என்றும் ஆகிறது; முப்பது பேர் முன்னால் என் அறியாமையும் வெளிப்படுகிறது. ஒரே வாக்கியம் இரண்டு முகங்களைத் தொடுகிறது. மௌனம் ஒன்றுதான் செலவில்லாதது.

இந்த நகரங்கள் இருக்கும் ஜாவாத் தீவில் இந்தக் கணக்கைப் பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்பே கற்றுவிடுகிறார்கள். ஜாவா மொழியில் 'சாப்பிடு' என்பதற்கு நண்பனிடம் மாஙான், மரியாதைப் பேச்சில் நெதா, பெரியவர் சாப்பிடுவதைச் சொன்னால் தாஹார். இப்படிப் படிநிலை மாறும் சொற்கள் அன்றாடப் பேச்சு முழுக்க இருக்கின்றன. 1950களில் ஜாவாவில் களப்பணி செய்த மானிடவியலாளர் ஹில்ட்ரெட் கீர்ட்ஸ், குழந்தை அடுத்தடுத்துப் பழகும் மூன்று உணர்வுகளைப் பதிவு செய்தார்: வெதி, இசின், சுங்கான். பயம், கூச்சம், மூன்றாவதாகப் பெரியவர் முன் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் பக்குவம். இந்த மூன்றாவது வந்துவிட்டால் பிள்ளை வளர்ந்துவிட்டது என்பார்கள். 'குரு' என்ற சொல்லுக்கு ஜாவாக்காரர்கள் சொல்லும் விளக்கமும் இதோடு சேர்ந்தது: திகுகு லான் திதிரு, நம்பப்படுபவர், பின்பற்றப்படுபவர். நம்ப வேண்டியவரிடம் சந்தேகம் கேட்பது எப்படி?

இந்தோனேசிய மொழி இதிலிருந்து விடுதலை தரும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். 1928 அக்டோபர் 28 அன்று இளைஞர் மாநாடு ஒற்றுமை மொழியாக ஏற்றது, மிக அதிகம் பேர் பேசிய ஜாவா மொழியை அல்ல. மலாயிலிருந்து வந்த இந்தோனேசிய மொழியை. அதில் ஜாவாவைப் போன்ற படிநிலைகள் இல்லை. ஆனால் படிநிலை விளிச்சொற்கள் வழியாகத் திரும்பி வந்தது. 1957இல் பத்திரிகையாளர் ரோசிஹான் அன்வர், உயர்வு தாழ்வு பாராத முன்னிலைச் சொல்லாக 'அண்டா'வைத் தன் பெடோமான் நாளிதழில் முன்வைத்தார். விளம்பரங்களிலும் விண்ணப்பப் படிவங்களிலும் அது நிலைத்துவிட்டது. ஆசிரியரை 'அண்டா' என்று அழைக்கும் மாணவர் மட்டும் இல்லை. அப்பா, அம்மா என்று பொருள்படும் பாக், பூ தவிர வேறு எதுவும் அங்கே பொருந்தாது.

ஆசிரியர்களும் மென்மையாகவே பேசுகிறார்கள். "புத்தகத்தைத் திற" என்று நேராக ஏவாமல், "புக்குஞா திபுகா, யா" என்பார்கள். புத்தகம் திறக்கப்படட்டும், சரியா என்பதுபோல. யார் திறக்க வேண்டும் என்பதே வாக்கியத்தில் இல்லை. அடுத்து, "தலைநகர் ஜா..." என்று ஆசிரியை நிறுத்த, "...கர்த்தா!" என்று வகுப்பே முடிக்கும். "பாஹாம்?", புரிந்ததா என்றால் "பாஹாம், பூ" என்று ஒரே குரல். வெளியே நிற்பவருக்கு வகுப்பு களைகட்டுவதாகத் தோன்றும். கூட்டுக்குரலில் யாருடைய முகத்துக்கும் ஆபத்தில்லை, யாருக்குப் புரிந்தது என்பதும் தெரியாது. இதைப் பங்கேற்பு என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

அரசுக்கும் இது தெரியும். 1984 பாடத்திட்டமே மாணவர் சுறுசுறுப்பாகக் கற்கும் முறையைக் கேட்டது. 2013 பாடத்திட்டம் கற்றலின் படிகளில் ஒன்றாக 'மெனாஞா', அதாவது கேள்வி கேட்பதை வைத்தது. அதே பாடத்திட்டம் மாணவரிடம் எதிர்பார்த்த நடத்தைகளில் 'சாந்துன்', பணிவும் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று எப்படிச் சேரும் என்பதை ஆசிரியரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஆய்வாளர்கள் இங்கே உதவியிருக்கலாம். ஜெஃப்ரி லீச் 1983இல் வகுத்த பணிவு விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து, எது விதிக்கு உட்பட்டது, எது மீறியது என்று பிரிக்கும் ஆய்வேடுகள் இந்தோனேசியாவில் ஏராளம். உழைப்பில் குறையில்லை. ஆனால் பதிவாவது பேசப்பட்டது மட்டும்தானே! வாயே திறக்காத பிள்ளை எந்த விதியையும் மீறுவதில்லை. கேள்வியே எழாத வகுப்பு அட்டவணையில் மிகப் பணிவான வகுப்பாகத் தெரியும். பேசப்பட்டதை மட்டும் எண்ணும் எந்த ஆய்வும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது.

மாற்று வழிகள் விலை மிகுந்தவை அல்ல. அமெரிக்க அறிவியல் வகுப்புகளை 1970களில் கவனித்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருப்பதைக் கண்டார். மூன்று விநாடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பேசாதவர்கள் பேசினார்கள், மாணவர்களின் கேள்விகளும் கூடின. மன்னிப்பும் அனுமதியும் சொல்லித் தொடங்க வேண்டிய பிள்ளைக்கு அந்த மூன்று விநாடி இன்னும் தேவை. முதலில் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு, பிறகு குழுவின் சார்பில் கேட்க வைப்பதும் பலன் தரும். தமிழில் 'நாங்கள்' போல இந்தோனேசிய மொழியில் 'காமி' உண்டு. "காமி இங்கின் பெர்தாஞா", நாங்கள் கேட்க விரும்புகிறோம் என்று எழும்போது, அறியாமை ஒருத்தியின் தலையில் விழுவதில்லை.

மொழிப் பாடத்துக்குள்ளேயே இதற்கு இடமிருக்கிறது. 2013 பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக்குப் பேரம் பேசும் உரையாடலும் விவாதமும் பாடங்களாக இருந்தன. அத்தகைய பாடங்களில் "சாயா செபெண்டாபாட், தெதாபி...", உடன்படுகிறேன், ஆனால்... என்ற வகைத் தொடர்களைப் பயிற்றலாம். மாற்றுக் கருத்தை முகம் வாடாமல் சொல்ல மொழி தரும் கருவிகள் இவை. ஆனால் பாடத்தை உரையின் உறுப்புகளை மனப்பாடம் செய்வதாகச் சுருக்கிவிட்டால், விவாதத்தின் பகுதிகளை எழுதத் தெரிந்த பிள்ளை விவாதிக்கத் தெரியாமலே தேறிவிடும். பழைய தேசியத் தேர்வு கேட்டது விடையைத் தெரிவு செய்யும் வினாக்களை. 2021இல் அதன் இடத்துக்கு வந்த தேசிய மதிப்பீட்டின் மொழிப் பகுதி அளப்பது வாசிப்பை. வாய்திறந்து கேட்டதற்கான மதிப்பெண் வகுப்பாசிரியையின் சொந்த ஏட்டில்தான் விழ வேண்டும்.